ஒரு வாரச் சமையலுக்கு ஒரு சட்டம்: காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாரம் முழுவதற்கும் சமையல் திட்டம் போடுகிற பலர் இரண்டாவது வாரமே அதைக் கைவிடுகிறார்கள். திங்கள் கத்தரிக்காய் சாம்பார், செவ்வாய் பீன்ஸ் பொரியல் என்று காயையும் சேர்த்தே எழுதிக்கொண்டு சந்தைக்குப் போவதுதான் முக்கியமான காரணம். அங்கே போனால் கத்தரிக்காய் முற்றிக் கிடக்கும், பீன்ஸ் விலை ஏறியிருக்கும். எழுதிவிட்டோமே என்று வாங்கினால் பணம் போகும். வாங்காமல் திரும்பினால் திட்டம் போகும்.

ஆகவே எந்தக் குழம்பு என்பதை வீட்டில் முடிவு செய்யுங்கள், எந்தக் காய் என்பதைச் சந்தையில் முடிவு செய்யுங்கள். எந்த நாளுக்கு எந்தக் குழம்பு என்று காயின் பெயர் இல்லாமல் எழுதிவைக்கிற சட்டகத்தைத்தான் இங்கே சட்டம் என்கிறோம். வாங்கி வந்த காய்களில் எது முதலில் கெடுமோ அதை முதலில் சமையுங்கள். கீழே வருகிற எல்லாமே இந்த இரண்டையும் ஒட்டித்தான். அளவுகள் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்கானவை. மதியம் சோறு, காலையும் இரவும் டிபன் என்று கணக்கு.

முதல் வாரம்: சமைக்கிறபடி சமைத்து, எழுதி மட்டும் வையுங்கள்

பழைய நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: சமைத்தது, மிஞ்சியது, கொட்டியது. ஏழு நாள் எழுதினால் போதும். பெரும்பாலான வீடுகளில் கொட்டிய கட்டத்தில் திரும்பத் திரும்ப வருவது காய்ந்துபோன கீரை, அழுகிய மல்லித்தழை, நிறம் மாறிய அரை மூடித் தேங்காய், புளித்துப்போன மாவு, மூன்றாம் நாள் சாம்பார். ஓரத்தில் இன்னொன்றையும் குறியுங்கள்: வெளியே வாங்கிச் சாப்பிட்ட வேளை, அதற்கான காரணம். "மாவு இல்லை", "சட்னிக்குத் தேங்காய் இல்லை" என்பதுதான் அநேகமாக இருக்கும். பணம் ஒழுகுகிற இடம் மதியச் சாப்பாடு அல்ல, இரவு ஏழு மணி. அதனால் திட்டத்தில் முதல் கவனம் மாவுக்குத்தான்.

சட்டம் போடுவது

தினசரி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் எது வருகிறது என்று பாருங்கள். செவ்வாய், வெள்ளி, சனியில் அசைவம் கிடையாது என்பது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பல வீடுகளில் எழுதாத விதி. புரட்டாசியில் மாதம் முழுக்கவே இல்லை. அமாவாசையன்று வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடாக இருந்தால் அன்றைக்கு வாழைக்காயும் பாசிப்பருப்பும் வீட்டில் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமைக்கு முட்டைக் குழம்பு எழுதிவிட்டு, அன்று காலையில் தடுமாறுவது வழக்கமாக நடக்கிற தப்பு.

ஞாயிறு காலை சந்தைக்குப் போகிற வீட்டுக்கு இந்தச் சட்டம் ஒத்துவரும். ஞாயிறு மதியம் மீன் குழம்பு, ரசம். திங்கள் கீரை மசியலும் வத்தக்குழம்பும். செவ்வாய் மோர்க்குழம்பும் ஒரு பச்சைக்காய்ப் பொரியலும். புதன் பருப்பு சாம்பாரும் பொரியலும், வேண்டுமானால் முட்டை. வியாழன் பொரிச்ச கூட்டும் ரசமும். வெள்ளி அரைத்துவிட்ட சாம்பார். சனிக்கிழமை புளியோதரை, தயிர்சாதம், ஒரு கிழங்கு வறுவல்.

எங்கும் காயின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். மோர்க்குழம்புக்கு வெண்டைக்காயும் ஆகும், வெள்ளைப் பூசணியும் ஆகும். பொரிச்ச கூட்டுக்குப் புடலை, சுரை, பீர்க்கை, கோஸ் எது மலிவோ அது. இன்னொரு காரணமும் இந்த வரிசைக்குள் இருக்கிறது. புளிக்குழம்புக்கு மறுநாள் மோர்க்குழம்பு, பருப்புக்கு மறுநாள் கூட்டு என்று மாறி மாறி வருவதால் பிள்ளைகளுக்குச் சலிக்காது. துவரம்பருப்பும் வாரத்தில் இரண்டு நாள்தான் செலவாகும், ஒரு தடவைக்கு 150 கிராம்.

மளிகை: மாதத்துக்கு ஒரு முறை, சிலவற்றை வருஷத்துக்கு ஒரு முறை

அரிசிக் குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள் ரேஷனை முதலில் கணக்கில் எடுங்கள். அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சோற்றுக்கு அந்த அரிசி பிடிக்கவில்லை என்றாலும் ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்கு நன்றாகவே ஆகும். வாரத்துக்கு 1.6 கிலோ இட்லி அரிசிக்குக் கடையில் கொடுக்கிற பணம் மிச்சம். கடையில்தான் வாங்குவேன் என்பவர்கள் குண்டு அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏடிடி 37 ரகத்துக்கு "இட்லி குண்டு" என்றே பெயர். சன்ன ரகப் பொன்னியில் மாவு அரைத்தால் இட்லி ஒட்டிக்கொண்டு சப்பென்று இருக்கும்.

சோற்றுக்கு ஒரு வேளைக்கு 400 கிராம், வாரத்துக்கு 2.8 கிலோ. வீட்டு நெல்லை அரைத்துச் சாப்பிடுகிறவர்கள் தை, மாசியில் புது அரிசி வந்ததும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். பழைய அரிசிக்கு ஒன்றுக்கு மூன்று வைக்கிற இடத்தில் புது அரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, இரண்டேகால் போதும். குழைந்துபோன சோற்றைக் கொட்டுவதும் நஷ்டம்தானே. ஆறு மாதமாவது ஆன அரிசி நன்றாகத் தண்ணீர் குடித்துச் சோறு கூடுதலாகக் காணும். புது அரிசியைப் பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் ஒதுக்குங்கள்.

உளுந்தையும் பாசிப்பயறையும் மட்டும் மாதாமாதம் வாங்காதீர்கள். படுகையில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி வயலின் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். பங்குனி, சித்திரையில் புது உளுந்து வந்துவிடும். அப்போது விளைவித்தவர்களிடமே ஆறு மாதத்துக்கு வாங்கி, இரண்டு வெயில் நன்றாகக் காய வைத்து, சூடு ஆறியதும் தகர டப்பாவில் வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டு மூடுங்கள். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வேர்த்து வண்டு பிடிக்கும். புது உளுந்து அதிகம் பொங்கும். நாள்பட்ட உளுந்தில் அதே அளவு போட்டாலும் மாவு காணாது, இட்லி கல்லாகும். மாவு சரியாக வரவில்லை என்று அரிசியைக் குறை சொல்வதற்கு முன்னால் உளுந்தின் வயதைப் பாருங்கள்.

குழம்பு மிளகாய்த்தூளுக்கு வேண்டியதை மாசி, பங்குனி வெயிலில் காய வைத்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ மிளகாய்க்கு அரை கிலோ மல்லி, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் தலா 100 கிராம், மிளகு, சீரகம் தலா 50 கிராம், வெந்தயம் 25 கிராம், விரலி மஞ்சள் 25 கிராம். அரைத்த தூளைப் பேப்பரில் பரப்பி ஆற வைத்துத்தான் அடைக்க வேண்டும். ஐப்பசி ஈரத்தில் அரைத்த தூள் கட்டி பிடித்துப் பூஞ்சை வாடை அடிக்கும்.

சந்தையில்

உழவர் சந்தை உள்ள ஊரில் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். மாலையில் கூறு கட்டி விற்கிற காய் மலிவுதான், ஆனால் அடிபட்டது கலந்திருக்கும். அன்று இரவோ மறுநாளோ சமைப்பதற்கு மட்டும் கூறு வாங்கலாம். வாரத்துக்கு வாங்க அது உதவாது.

பொரியலுக்கு 400 முதல் 500 கிராம் காய், குழம்பில் போடுவதற்கு 200 முதல் 250 கிராம். இதை வைத்துக் கூட்டினால் ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய இவ்வளவு:

கீரை 2 கட்டு. பிஞ்சு வெண்டைக்காய் முக்கால் கிலோ. கொத்தவரை, அவரை, பீன்ஸ் இவற்றில் மலிவான ஒன்று அரை கிலோ. கத்தரிக்காய் அரை கிலோ. புடலை, சுரை, பீர்க்கையில் ஒன்று முக்கால் கிலோ. முருங்கைக்காய் 4. பறங்கி அல்லது வெள்ளைப் பூசணிக் கீற்று முக்கால் கிலோ. சேனை அல்லது சேப்பங்கிழங்கு முக்கால் கிலோ. வாழைக்காய் 3. வாழைப்பூ அல்லது தண்டு ஒன்று. தக்காளி 1 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, பெரிய வெங்காயம் 1 கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம், எலுமிச்சம்பழம் 4, தேங்காய் 3.

காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெண்டைக்காயின் நுனி சட்டென்று ஒடிய வேண்டும். கத்தரிக்காய்க் காம்பு பச்சையாக, காய் கனமில்லாமல் இருக்க வேண்டும். கனத்தால் உள்ளே விதை முற்றியிருக்கிறது. புடலங்காயை அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். சேனை வெட்டின பக்கம் ஈரம் காய்ந்து இருப்பதுதான் நாள் தாங்கும். சின்ன வெங்காயத்தைக் கையில் அள்ளினால் சருகு சலசலக்க வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயம் காய்ந்த சமயத்தில் வாங்கினால் மூங்கில் கூடையில் மாதக்கணக்கில் நிற்கும், ஈரமாக இருந்தால் ஒரே வாரத்தில் முளை விடும்.

மீன் வாங்குவதானால் செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலே வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினம் பக்கமே அப்போது விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் குளத்துக் கெண்டை, விரால், கருவாடு, முட்டை என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கோடையில் குளம் வற்றி மீன் பிடிக்கிற சமயமும் அதுதான்.

கெடுகிற வரிசை

வீட்டுக்கு வந்ததும் காய்களை நான்கு குவியலாகப் பிரியுங்கள். கீரை, வெண்டை, கொத்தவரை முதல் இரண்டு நாளைக்கு. கத்தரி, அவரை, புடலை, முருங்கைக்காய் புதன், வியாழனுக்கு. பூசணி, கோஸ், கேரட், பீட்ரூட் வெள்ளிக்கு. கிழங்கும் வாழைக்காயும் சனிக்கு. வெண்டைக்காய் மலிவாக வந்ததே என்று அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளினால் நாராகிப் பிள்ளைகள் ஒதுக்கி வைக்கும்.

கீரையைக் கழுவாமல் வேரை மட்டும் வெட்டி, பருத்தித் துணியில் சுற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். கழுவி வைத்தால் இலையில் நிற்கிற தண்ணீரே அழுகலைத் தொடங்கிவைக்கும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிடுங்கள், அழுகல் காம்பில்தான் ஆரம்பிக்கிறது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு சீக்கிரம் முளைக்கும். வாழைக்காய் பழுத்துவிடும் என்று பயந்தால் முழுசாகத் தண்ணீர் வாளியில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள், சனி வரை பச்சையாக நிற்கும். தேங்காயை உடைத்து மூடியாக வைப்பதைவிடத் துருவி, ஒரு நாள் அளவுக்குச் சிறு சிறு டப்பாவாகப் பிரீசரில் வைப்பது நல்லது. பெரிய டப்பாவாக வைத்தால் தினம் வெளியே எடுத்து உருக்கி மறுபடி உள்ளே வைக்க வேண்டிவரும், மூன்றாம் நாளே காறல் வாடை வரும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம்

சந்தைக்குக் கிளம்புமுன் காலை ஆறு மணிக்கு இட்லி அரிசி 800 கிராமை ஊற வையுங்கள். திரும்பி வந்து ஒன்பது மணிக்கு உளுந்து 200 கிராமும் ஒரு டீஸ்பூன் வெந்தயமும் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிகம் ஊறினால் மாவு பொங்காது. பத்தரைக்குக் கிரைண்டரைப் போடுங்கள். உளுந்துக்கு 25 முதல் 30 நிமிஷம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து. சித்திரை, வைகாசியில் பிரிட்ஜ் தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். கல் சூடேறி மாவும் சூடானால் உளுந்து பொங்காது. ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியை வெண்ணெயாக அரைக்காமல் மெல்லிய ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். உப்பு போட்டுக் கையால் கரைத்தால் ஏறக்குறைய 2.4 கிலோ மாவு கிடைக்கும். பதினாறு இட்லி ஒரு வேளை, பத்துப் பத்து தோசையாக இரண்டு வேளை, கடைசியில் மிஞ்சுவது குழிப்பணியாரத்துக்கு.

கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணிக்கு மேலும் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பாருங்கள். ஒன்றரை மடங்கு ஏறியதும், புளிக்கும்வரை காத்திருக்காமல் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். முழுக்கப் புளித்த பிறகு உள்ளே வைத்த மாவு இரண்டாம் நாளே வாயில் வைக்க முடியாது. முதல் நாள் இட்லி, இரண்டாம் மூன்றாம் நாள் தோசை, நான்காம் நாள் ஊத்தப்பம். புதன்கிழமை மறுபடி இதே அளவு ஒரு முறை அரைத்தால் வாரத்தில் ஏழெட்டு வேளை டிபன் முடிந்தது. மீதிக்குப் பொங்கல், உப்புமா, சப்பாத்தி, அடை. அடை மாவு புளிக்க வேண்டியதில்லை என்பதால் மாவு தீர்ந்த நாளுக்கு அதுதான் துணை.

கிரைண்டர் ஓடுகிற ஒரு மணி நேரத்தில் அடுப்படியில் மற்ற வேலை. ஒரு நாளைக்குப் பூண்டு, சின்ன வெங்காயம் உரித்தல், தேங்காய் துருவுதல், வாழைப்பூ ஆய்தல். வாழைப்பூ ஒன்றுக்கு அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால்தான் வேலை நாளில் யாரும் தொடுவதில்லை. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பூவிலும் விறைப்பாக நிற்கிற கள்ளனையும் கண்ணாடி போன்ற சிறு செதிலையும் எடுத்துவிட்டு, நறுக்கினதும் நறுக்கினதும் மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். காற்றில் வைத்தால் கறுக்கும். அப்படியே பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வடைக்கோ உசிலிக்கோ வடிகட்டி எடுப்பதுதான் வேலை.

இன்னொரு அடுப்பில் புளிக்காய்ச்சல். வாரத்தில் ஒரு அவசர மதியத்தையும் சனிக்கிழமையையும் இதுதான் காப்பாற்றுகிறது. 100 கிராம் புளியை அரை லிட்டர் வெந்நீரில் ஊற வைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு 2 மேஜைக்கரண்டி, மிளகாய் 8, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசல், மஞ்சள்தூள், ஒன்றரை மேஜைக்கரண்டி கல் உப்பு சேர்த்து நடுத்தரத் தீயில் கொதிக்க விடுங்கள். 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும்போது குமிழி சின்னதாகி, கரண்டியால் இழுத்த தடம் மெல்ல மூடும், ஓரத்தில் எண்ணெய் பிரியும். அப்போது வெந்தயம் 1 டீஸ்பூன், மல்லி 2 மேஜைக்கரண்டி, எள் 1 மேஜைக்கரண்டி, மிளகாய் 6 இவற்றை வறுத்துப் பொடித்ததையும் ஒரு துண்டு வெல்லத்தையும் போட்டு இறக்குங்கள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் கசிந்தால் இன்னும் ஐந்து நிமிஷம் வேண்டும். தண்ணீர் நின்ற காய்ச்சலில்தான் பூஞ்சை வரும். சரியாக வற்றியது பிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். 200 கிராம் அரிசிச் சோற்றுக்கு இரண்டு குவித்த மேஜைக்கரண்டி. வேர்க்கடலையைக் கிளறுகிறபோது வறுத்துப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும்.

எல்லாக் காயையும் ஞாயிற்றுக்கிழமையே நறுக்கி வைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பீன்ஸ், கேரட், கோஸ் தாங்கும், அதுவும் இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். கத்தரி, வாழைக்காய், உருளை கறுக்கும், வெண்டை கொழகொழக்கும், பூசணி தண்ணீர் விடும். நேரம் தின்பது நறுக்குவது அல்ல, உரிப்பதும் ஆய்வதும்தான். அவற்றை மட்டும் முன்கூட்டியே முடியுங்கள்.

வேலை நாள் காலை: முக்கால் மணி நேரம்

எழுந்ததும் பருப்பையும் அரிசியையும் ஊற வைத்துவிட்டுப் பால் காய்ச்சுங்கள். அரை மணி ஊறிய பருப்புக்கு விசில் குறையும். அடுக்குக் குக்கரில் அடியில் பருப்பு, நடுவில் சோறு, மேலே கூட்டுக்கான காய். ஒரே தீயில் மூன்றும் வேகும். நீராவி முழுசாக வந்ததும் தீயைத் தணியுங்கள், அதற்கு மேல் பெரிய தீயில் எரிகிற கேஸ் விசிலாகத்தான் வெளியே போகிறது.

பருப்பு வேகவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். புளியோ தக்காளியோ முன்கூட்டியே போட்டிருப்பீர்கள். அல்லது பருப்பு நாள்பட்டது. அல்லது தண்ணீர். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி போன்ற கடலோரப் பக்கத்தில் போர்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கிற ஊர்களில் பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் நறுக்கென்று நிற்கும். பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் வையுங்கள். ஒரு சிலிண்டர் கூடுதலாக எத்தனை நாள் வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். சிலிண்டர் மாட்டிய தேதியைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

குக்கர் அடங்குவதற்குள் புளியோ மோரோ கரைத்துத் தாளிக்கிற வேலை முடியும். ஞாயிறு வைத்த மீன் குழம்பு திங்கள் காலை இட்லிக்கு, சாம்பார் இரவு தோசைக்கு என்று மதியக் குழம்பை ஒரு வேளைக்குக் கூடுதலாக வைத்தால் சட்னித் தேங்காய் மிச்சம். வியாழக்கிழமை இட்லிக்கு மட்டும் கும்பகோணம் கடப்பா வைத்துப் பாருங்கள். பாசிப்பருப்பு 100 கிராம், உருளைக்கிழங்கு 2, பூண்டு 4 பல், பெரிய வெங்காயம் 1. அரைக்கக் கால் மூடித் தேங்காய், பச்சை மிளகாய் 5, பொட்டுக்கடலை ஒரு மேஜைக்கரண்டி, சோம்பும் கசகசாவும் தலா ஒரு டீஸ்பூன். இறக்கியதும் எலுமிச்சம்பழம். ஆறினால் கெட்டியாகும் என்பதால் இறக்கும்போது நீர்க்கவே இருக்கட்டும்.

மிஞ்சியதைக் கையாளுவது

குழம்பு மிஞ்சினால் உடனே பிரிட்ஜ், மறுநாள் தேவையானதை மட்டும் எடுத்துக் கொதிக்க வைக்க வேண்டும். முழுப் பாத்திரத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்கி வெளியே வைப்பதுதான் மூன்றாம் நாள் சாம்பாரைக் கெடுக்கிறது. தேங்காய் அரைத்த குழம்பும் மோர்க்குழம்பும் அன்றன்றைக்கே தீர வேண்டும். வத்தக்குழம்பும் புளிக்குழம்பும் பிரிட்ஜில் மூன்று நாள் நிற்கும். பொங்கல் மறுநாள் மிஞ்சின சாம்பார், கூட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சுண்ட வைத்துச் சுண்டக்குழம்பாக்குகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டே, அதை வெள்ளிக்கிழமை இரவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சோற்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. அரிசியில் இருக்கிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வேகும்போதும் சாகாது. மதியச் சோறு மூடியபடி வெதுவெதுப்பாக இரவு வரை கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மிஞ்சும் என்று தெரிந்ததும் அகலமான தட்டில் ஆற விட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். பழையதாக வேண்டுமானால் இரவு வடித்த சோற்றை ஆற வைத்து, முழுக அதிகமாகவே தண்ணீர் ஊற்றி, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து அன்று காலையே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு வைத்திருக்க வேண்டாம்.

பருவத்துக்கு ஏற்ப மாற்றுவது

தையில் அவரை, மொச்சை, பறங்கி, கத்தரி, சர்க்கரைவள்ளி, கருணை எல்லாம் குவியும். அப்போது பொரியல் கட்டத்தை இரண்டாக்கிப் பருப்பைக் குறைக்கலாம். சித்திரை, வைகாசியில் பூசணி, புடலை, வெள்ளரி, மாங்காய் மலிவு. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர் மிளகாய் வற்றல் போடவும் பழைய சோற்று வடாம் பிழியவும் அதுதான் வெயில். ஒவ்வொன்றும் அரை கிலோவாவது காய வைத்திருந்தால் மழைக்காலத்துத் திங்கட்கிழமைகள் முழுக்க ஓடும். ஆடிப் பதினெட்டுக்குச் சித்திரான்னம் கிளறுகிற வாரத்தில் புளிக்காய்ச்சலை இரண்டு மடங்காக வைத்து மீதியை அடுத்த வாரத்துக்கு நகர்த்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சட்டத்தையே மாற்ற வேண்டிவரும். கீரை சேற்றோடு வரும், தக்காளி விலை ஏறும். ரசத்திலும் குழம்பிலும் தக்காளியை நிறுத்திப் புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். கட்டங்களைக் கிழங்கு, பூசணி, வற்றல் பக்கம் திருப்புங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்நிறுத்தம் மாதத்தில் ஒரு நாள் வரும். செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடுவதால் மாவு அரைக்கிற நாளை அதற்கு முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் நாள்கணக்கில், சில கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பிரிட்ஜும் கிரைண்டரும் மோட்டாரும் இல்லாத சமையலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீட்டில் ஒரு தகர டப்பா தனியாக இருக்கட்டும். அவல் 2 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, ரவை 1 கிலோ, பொட்டுக்கடலை அரை கிலோ, வெல்லம் அரை கிலோ, பருப்புப் பொடி, வற்றல், அப்பளம், ஊறுகாய், பால் பவுடர், தீப்பெட்டி. பாசிப்பருப்பு ஊறாமலே சட்டியில் வேகும், அவலுக்கு அடுப்பே வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்ததும் பிரிட்ஜில் உள்ள மீனையும் மாவையும் தேங்காயையும் அன்றைக்கே சமைத்துத் தீர்த்துவிடுங்கள், குடிதண்ணீரைப் பிடித்து வையுங்கள், சிலிண்டர் மாற்று இருக்கிறதா என்று பாருங்கள். புயல் வராமலே மார்கழி பிறந்தால் டப்பாவில் உள்ள அவலையும் ரவையையும் காலை டிபன் கட்டங்களில் எழுதி, தைக்குள் தீர்த்துவிடலாம்.